வீமன் பட்டியில் இருந்த பத்து நாள்

விதானை என்ற பெயரை எடுத்துவிட்டு இப்போது உங்களுக்குக் கிராம சேவகர் என்று பெயர் வைத்திருக்கிறார்கள். நல்ல பெயர். எங்கள் பெயரில் சேவை இருக்கவில்லை. வேலையிலும் அது அதிகம் இருந்ததாகச் சொல்லமுடியாது. ஆனால் தம்பிமாரே, பெயர் மாறினாலும் நீங்கள் போய் இறங்கும் ஊரில் ஆடு இருக்கும், நாய் இருக்கும், இரண்டையும் அவிழ்த்து விட்டுவிட்டு உங்கள் படலையில் வந்து முறைப்பாடு சொல்லும் மனிதரும் இருப்பார்கள். கொலைக்கும் களவுக்கும் பொலிஸ் வரும். நாய்க்கு நீங்கள்தான் போகவேண்டும். காணிச் சண்டையைப் பற்றி என்னைப்போல் வேலையை விட்ட மற்றக் கிழவர்கள் சொல்லட்டும். நான் நாயைப் பற்றிச் சொல்கிறேன்.

ஆயிரத்துத் தொளாயிரத்து முப்பதுகளில் நான் நெடுந்தீவில் ஒரு பகுதிக்கு விதானையாக இருந்தேன். அந்த நாளில் அந்த வேலைக்கு மூன்று தகுதி வேண்டும்: கொஞ்சம் காணி, கொஞ்சம் எழுத்து, நிறைய மைத்துனர்மார். முதல் இரண்டிலும் நான் சுமார். மூன்றாவதில் எனக்கு ஒன்பது பேர் இருந்தார்கள். வேலையோடு, சுடுவதற்கு ஒரு துவக்கும் வந்தது. அதை எப்படிப் பிடிப்பது என்று மைத்துனர்மார் ஒன்பது பேரும் ஒன்பது விதமாகச் சொல்லித் தந்தார்கள். எப்போது பிடிக்கக்கூடாது என்று ஒருவரும் சொல்லவில்லை.

முதல் வருடமே கடற்கரையில் ஒரு மீன்பிடிகாரரை நாய் கடித்துவிட்டது. நான் ஓடிப் போனபோது நாய் தோணிக்கு அடியில் பல்லைக் காட்டிக்கொண்டு நின்றது. கூடியிருந்த சனம் முழுவதும் “சுடுங்கோ விதானையார், சுடுங்கோ!” என்றது. அத்தனை வாய் ஒரே நேரத்தில் உங்களை மரியாதையாகக் கூப்பிடும்போது மூளை தானாக விடுமுறை எடுத்துக்கொள்ளும். முதல் வெடி தோணியில் பட்டது. இரண்டாவது வெடி எங்கே போனது என்று இன்றைக்கும் தெரியாது. மூன்றாவது நாயில் பட்டது. அன்று நான் நடந்த நடையைப் பார்த்தவர்கள் நான் புலியைச் சுட்டதாக நினைத்திருப்பார்கள்.

கடிபட்டவரைத் தோணியில் ஏற்றிக்கொண்டு ஊர்காவற்றுறைக்குப் போனேன். அங்கே ஆசுபத்திரியில் வைத்தியம் பார்த்த அப்போதிக்கரி காயத்தைப் பார்க்கமுதலே கேட்டார்.

“நாய் எங்கை?”

“சுட்டுப்போட்டன் ஐயா,” என்றேன். மீசையைக் கூடத் தடவியிருப்பேன்.

அவர் பேனையைக் கீழே வைத்தார். “உமக்கு ஆர் காணும் துவக்குத் தந்தது? கடிச்ச நாயைக் கட்டிவைச்சுப் பத்து நாள் பாக்கவேணும். விசர் பிடிச்ச நாயெண்டால் அதுக்குள்ளை அது செத்துப்போகும். சாகாட்டி இந்த மனிசனுக்கு ஒரு பயமுமில்லை. இனி ஆரைக் கட்டிவைச்சுப் பாக்கிறது? உம்மையோ?”

அந்த மனிதர் யாழ்ப்பாணத்துக்குப் போய், தொப்புளைச் சுற்றி நாளுக்கொரு ஊசியாகப் பதினாலு நாள் குத்துவித்துக்கொண்டு, வயிற்றைப் பிடித்தபடி திரும்பி வந்தார். பிறகுதான் தெரிந்தது, தோணிக்கு அடியில் அந்த நாய் குட்டி போட்டிருந்ததாம். அவர் இருட்டில் பாராமல் ஒரு குட்டியின்மேல் காலை வைத்திருக்கிறார். அந்த மனிதர் தன் வாழ்நாள் முழுவதும் என்னோடு பேசவில்லை. அவரில் பிழை சொல்ல எனக்கு வாய் இல்லை.

இரண்டு வருடம் கழித்து மற்றத் தீவுகளில் விசர்நாய்ப் பயம் பரவியது. எங்களுக்கு மேலதிகாரியான மணியகாரரிடமிருந்து கட்டளை வந்தது: நாய்களெல்லாம் கட்டப்படவேண்டும், கட்டாக்காலியாகத் திரியும் நாய் சுடப்படும், சொந்தக்காரர் வழக்குக்குக் கோட்டுக்குப் போகவேண்டும். கட்டளையை எழுதியவர் நெடுந்தீவைக் கண்ணால் கண்டிருக்கமாட்டார். எங்கள் ஊரில் மாடு கட்டாக்காலி, ஆடு கட்டாக்காலி, ஒல்லாந்தர் விட்டுப்போன குதிரைகளும் கட்டாக்காலி. நாய் மட்டும் என்ன பாவம் செய்தது என்று நாயே கேட்டிருக்கும்.

நாய்களைப் பதியக் கொப்பியைத் தூக்கிக்கொண்டு வீடு வீடாகப் போனேன். ஒரு வீட்டிலும் நாய் இல்லை. நாய் படலையில் நின்று என்னைப் பார்த்துக் குரைக்கிறது. வீட்டுக்காரர் “அது எங்கட இல்லை விதானையார், சும்மா எங்கட வளவிலை நிக்குது” என்கிறார். கொப்பியில் பூச்சியம் போட்டேன். அடுத்தநாள் கொப்பியை வைத்துவிட்டுத் துவக்கைத் தோளில் போட்டுக்கொண்டு அதே ஒழுங்கையால் நடந்தேன். ஒவ்வொரு நாய்க்கும் மூன்று சொந்தக்காரர்கள் ஓடிவந்தார்கள். நாய்க் கணக்கு எடுக்கப் போனால் நீங்களும் இப்படித்தான் இரண்டு தரம் போகவேண்டும்.

இந்தக் கட்டளையால் ஊரில் ஒரே ஒரு மனிதருக்குத்தான் சந்தோசம். அவர் பெயர் யாக்கோப்பு. நாற்பது ஆடு வைத்திருந்தார். நாய்கள் குட்டி ஆடுகளைக் கடித்துக் குதறுகின்றன என்று மணியகாரருக்குப் பெட்டிசம் எழுதுவதே அவருடைய இரண்டாவது தொழில். அதில் உண்மை இல்லாமலும் இல்லை. கடிபட்ட குட்டிகளை நானே பார்த்திருக்கிறேன். அவருடைய வளவுக்கு அடுத்த வளவு நாகம்மா அக்காவுடையது. புருசன் இல்லாத மனுசி. கல்வேலிக்குள் குரக்கனும் பயறும் போட்டுச் சீவித்தவர். அவருடைய வளவில் நின்ற நாய்க்கு வீமன் என்று பெயர். செம்மண் நிறம், ஒரு காது மடங்கினது. யாக்கோப்பின் ஆடுகள் வேலி பாய்ந்து பயற்றை மேய வரும். வீமன் அவற்றைத் துரத்திக்கொண்டு யாக்கோப்பின் வளவு வரைக்கும் போகும். யாக்கோப்பு நாயைக் கட்டவேண்டும் என்பார். நாகம்மா அக்கா ஆட்டைக் கட்டவேண்டும் என்பார். நாய் அவிழ்ந்து திரியலாமா கூடாதா என்று என்னிடம் கேட்டவர்கள் எல்லாரும் உண்மையில் கேட்டது பக்கத்து வீட்டு நாயைப் பற்றித்தான். தன் வீட்டு நாயைப் பற்றி ஒருவரும் கேட்டதில்லை.

ஒரு மத்தியானம் பயற்றுக்குள் போன ஆட்டை இழுத்துவரக் கல்வேலி ஏறிக் குதித்தார் யாக்கோப்பு. வீமன் அவருடைய கெண்டைக்காலைக் கவ்விவிட்டது.

நான் போய்ச் சேர்ந்தபோது சனம் கூடிவிட்டது. வீமனை நாகம்மா அக்கா பூவரசில் கட்டியிருந்தார். யாக்கோப்பு நிலத்தில் இருந்தபடி காலைப் பிடித்துக்கொண்டு கத்தினார்.

“சுடுங்கோ விதானையார்! எத்தினை பெட்டிசம் எழுதினனான், இப்ப பாத்தியளே! இந்த நிமிசமே சுடுங்கோ!”

“அது என்ர நாயில்லை,” என்றார் நாகம்மா அக்கா. கயிறு அவருடைய கையில் இருந்தது.

என் மைத்துனர்களில் ஒருவர் துவக்கைக் கொண்டுவந்து என் கையில் திணித்தார். நான் அதைக் கல்வேலியில் சாத்திவிட்டு, சவர்க்காரமும் தண்ணீரும் கேட்டு வாங்கி, யாக்கோப்பின் காலைக் கழுவினேன். கழுவிக்கொண்டே சொன்னேன்.

“யாக்கோப்பு, நான் சொல்லுறதை வடிவாய்க் கேளும். உந்த நாய்க்கு விசர் இருந்தால் பத்து நாளுக்குள்ளை செத்துப்போகும். சாகாட்டி உமக்கு ஒண்டுமில்லை. இப்ப சுட்டால், உமக்கு விசர் வருமோ வராதோ எண்டு சொல்லுறதுக்கு உலகத்திலை ஆருமில்லை.”

அதற்குள் கெட்டித்தனமாக என் மைத்துனர் துவக்கை மறுபடியும் எடுத்து நாய்ப்பக்கம் திருப்பினார். யாக்கோப்பு ஒற்றைக்காலில் எழும்பிப் பாய்ந்து வீமனுக்கு முன்னால் நின்றார்.

“டேய், அதைத் தொட்டியோ, இஞ்சை கொலை விழும்!”

சனம் சிரித்தது. நானும் சிரித்தேன். யாக்கோப்பு சிரிக்கவில்லை. அவருடைய மனைவி வந்து என் பக்கத்தில் நின்று, “ஐஞ்சு பிள்ளையள் விதானையார்,” என்று மட்டும் சொன்னார். அதற்குப் பிறகு எனக்கும் சிரிப்பு வரவில்லை.

உடனே ஊர்காவற்றுறைக்குக் கொண்டுபோயிருக்கலாமே என்று நீங்கள் கேட்பீர்கள். சோளகக் காற்று அடித்துக்கொண்டிருந்தது. கடல் வெள்ளையாகக் கிடந்தது. ஒரு தோணிக்காரரும் வரமாட்டேன் என்றுவிட்டார். அவர்களை வற்புறுத்தி ஏற்றி, கடலில் நாலு உயிரைக் கொடுப்பதா, நாயை நம்பி ஒரு உயிரை வைத்திருப்பதா? நான் நாயை நம்பினேன். நிச்சயமாகத் தெரிந்து நம்பினேன் என்று நினைக்கவேண்டாம். நாய் ஆறாம் நாள் செத்து, கடலும் அப்படியே கிடந்தால் அந்த மனிதருக்கு நான் என்ன சொல்வது என்று நினைத்து நினைத்து எனக்குச் சோறு இறங்கவில்லை.

நாயை எங்கே வைப்பது என்று வந்தது. கட்டாக்காலி மாடுகளை அடைக்கும் பட்டி ஒன்று என் பொறுப்பில் இருந்தது, கல்லால் கட்டினது. மாட்டை அடைத்துப் பழகிய புத்தி, நாயையும் கொண்டுபோய் அதற்குள் விட்டுப் படலையைச் சாத்தினேன். நான் திரும்பி நாலு எட்டு வைக்கமுதல் வீமன் மதிலைப் பாய்ந்து எனக்கு முன்னால் ஒழுங்கையில் போய்க்கொண்டிருந்தது. மாடு மதில் பாயாது என்பது மட்டும்தான் அதுவரை நான் படித்த பாடம். பிறகு ஒரு தோணியின் நங்கூரச் சங்கிலியைக் கழற்றிவந்து கட்டினோம்.

யாக்கோப்பு பட்டிக்குக் குடிவந்துவிட்டார் என்றே சொல்லலாம். விடிந்ததும் ஒரு செம்பு ஆட்டுப்பாலோடு வருவார். வீமன் குடிக்கும்வரை மதிலில் தொங்கிக்கொண்டு நிற்பார். குடித்ததும் சிலுவை போட்டுக்கொள்வார். பத்து மணிக்கு அவித்த முட்டை. மத்தியானம் பாரை மீன், முள் எடுத்தது. தன் பிள்ளைகளுக்கு அவர் ஒருநாளும் முள் எடுத்துக் கொடுத்ததில்லை என்று மனைவி என்னிடம் முறைப்பட்டார். போகிற வருகிறவர்களிடமெல்லாம் யாக்கோப்பு, “பாருங்கோ, கண் சிவந்து கிடக்கோ? எச்சில் கூட வருதோ?” என்று கேட்பார். நாயைப் பற்றிக் கேட்கிறாரா தன்னைப் பற்றிக் கேட்கிறாரா என்று ஆட்களுக்கு விளங்காது. இடைக்கிடை தானும் ஒரு செம்பு தண்ணீர் குடித்துப் பார்த்துக்கொள்வார், தண்ணீருக்குப் பயம் வந்துவிட்டதா என்று.

நாலு நாள் இப்படிப் போனது. ஐந்தாம் நாள் வீமன் தின்னவில்லை. பால் செம்பு அப்படியே கிடந்தது. முட்டையை மணந்துகூடப் பார்க்கவில்லை. மூலையில் சுருண்டு கிடந்தது. கூப்பிட்டால் தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டு மறுபடியும் போட்டது.

அரைமணித்தியாலத்தில் ஊர் முழுவதும் பட்டிக்கு வந்துவிட்டது. “விசர்தான்,” என்றார் ஒருவர். “எனக்கு முதல்நாளே தெரியும்,” என்றார் முதல்நாள் அந்த இடத்திலேயே இல்லாத இன்னொருவர். மறுபடியும் “சுடுங்கோ” தொடங்கியது. யாக்கோப்பு மதிலோடு சாய்ந்து இருந்துவிட்டார்.

“சுவாமியாரைக் கூப்பிடுங்கோ,” என்றார்.

அந்த நேரத்தில் நான் நாயை விட்டுவிட்டு நாய் தின்றதை நினைத்துப் பார்த்தேன். அது ஒழுங்கையில் மீன்தலை பொறுக்கி வளர்ந்த நாய். வீமனைத் தெரிந்தவர் யார், அது எப்போது தின்னும், எப்போது தின்னாது என்று தெரிந்தவர் யார்? ஐந்து நாளும் பட்டிப்பக்கம் எட்டிப் பாராதவர் ஒருவர்தான்.

“யாக்கோப்பு, சுவாமியார் பேந்து வரட்டும். நீர் போய் நாகம்மா அக்காவைக் கூட்டிவாரும்.”

“அவ வரமாட்டா.”

“நான் கூப்பிட்டால் வரமாட்டா. நீர் கூப்பிடும்.”

நொண்டிக்கொண்டு போனார். ஊர் பின்னால் போனது, நானும் போனேன். நாகம்மா அக்கா பயற்றுக்குள் குனிந்து நின்றார். யாக்கோப்பு வேலிக்கு வெளியில் நின்றபடி, நாகம்மா அக்காவைப் பார்க்காமல், பயற்றைப் பார்த்துச் சொன்னார்.

“நாகம்மாக்கா, இந்த வேலியிலை கல்லு எடுத்துவிட்டது நான்தான். ஆடு தானாப் பாயேல்லை. நான்தான் வழி விட்டனான். சாகமுதல் சொல்லிப்போட்டுச் சாவம் எண்டு வந்தனான்.”

“தெரியும்,” என்றார் அவர், நிமிராமலே. “கல்லுத் தானா விழுந்தால் சிதறி விழும். நீ ஒவ்வொருக்காலும் அடுக்கியெல்லோ வைச்சிட்டுப் போறனி.”

பிறகு அவர் கையை உதறிக்கொண்டு குசினிக்குள் போனார். ஒரு சட்டியில் பழஞ்சோற்றுத் தண்ணீரும் இன்னொன்றில் வெறும் தண்ணீரும் எடுத்துக்கொண்டு பட்டிக்கு வந்தார். படலையடியில் நின்றார்.

“அக்கா, உள்ளை போகவேண்டாம். மதிலாலை இறக்கி விடுங்கோ,” என்றேன்.

“எனக்கும் பயம்தான் விதானையார். அதுக்கு என்ன செய்யிறது? இது என்ர நாய்.”

ஊர் முழுவதும் கேட்கத்தக்கதாகச் சொன்னார். சொந்தக்காரர் கோட்டுக்குப் போகவேண்டும் என்ற கட்டளையை அவருக்கு வாசித்துக் காட்டியவனே நான்தான். காற்றுப் பலமாக அடித்ததால் எனக்கு ஒன்றும் கேட்கவில்லை என்று அந்த இடத்திலேயே தீர்மானித்துக்கொண்டேன்.

நாகம்மா அக்கா உள்ளே போய் வீமனுக்குப் பக்கத்தில் குந்தி இருந்தார். அதன் வயிற்றைத் தடவினார். யாக்கோப்பைத் திரும்பிப் பார்த்து, “ஆட்டுப்பாலும் முட்டையும் குடுத்துக் குடுத்து நாயின்ர வயித்தைக் கெடுத்துப்போட்டாய். தின்னாமல் என்ன செய்யும்? வயிறு பறை மாதிரிக் கிடக்கு,” என்று ஏசினார். பிறகு தண்ணீர்ச் சட்டியை நாயின் மூக்கடியில் வைத்தார். வீமன் பார்த்தது. அது எழும்பிச் சோம்பல் முறித்துவிட்டு, சளக் சளக்கென்று தண்ணீரைக் குடித்தது. யாக்கோப்பு மதிலைப் பிடித்தபடி விம்மி விம்மி அழுதார். எனக்கும் கண் கலங்கியது. துவக்கைக் கொண்டுவந்த மைத்துனர் அதை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டார்.

அதற்குப் பிறகு ஒவ்வொருநாளும் நாகம்மா அக்காவே சோறு வைத்தார். யாக்கோப்புக்கு முட்டை கொண்டுவரத் தடை. எட்டாம் நாள் காற்றுத் தணிந்தது. முதல் தோணியில் யாக்கோப்பை ஏற்ற நின்றேன். அவர் ஏற மறுத்துவிட்டார். இன்னும் இரண்டு நாளில் வீமன் தன் வாயால் சொல்லும்போது எனக்கு எதற்கு ஊசி என்றார். அப்போது நான் ஒரு மடத்தனம் செய்தேன். அந்தத் தோணியிலேயே மணியகாரருக்கு நடந்ததை நடந்தபடி எழுதி அனுப்பிவிட்டேன்: கட்டாமல் விட்ட நாய் இன்னாரைக் கடித்தது. தம்பிமாரே, உண்மையை எழுதவேண்டாம் என்று நான் சொல்லவில்லை. எட்டாம் நாளில் அவசரப்படவேண்டாம் என்றுதான் சொல்கிறேன்.

பத்தாம் நாள் விடிய வீமன் பட்டிக்குள் ஒரு காகத்தைத் துரத்திக்கொண்டு நின்றது. யாக்கோப்பு போய்க் கல்வேலியில் தான் எடுத்த கல்லையெல்லாம் திருப்பி அடுக்கினார். நாகம்மா அக்கா வீமனைக் கூட்டிக்கொண்டுபோய்த் தன் வளவில் கயிற்றில் கட்டினார்.

அடுத்தநாள் தோணி வந்தது. அதில் எனக்குத் துவக்கைப் பற்றிப் படிப்பித்த அதே அப்போதிக்கரி இருந்தார். கையில் நான் எழுதியனுப்பிய கடிதம், அதோடு மணியகாரரின் கட்டளை: கடிபட்டவரின் வாக்குமூலத்தை அப்போதிக்கரிக்கு முன்னால் பதிந்து, நாயைச் சுட்டு, சொந்தக்காரரைக் கோட்டுக்கு அனுப்பவும். நான் எழுதியதற்கு வந்த பதில். குற்றம் சொல்ல இடமே இல்லை.

பட்டிக்கு முன்னால் ஒரு கதிரை போட்டு அப்போதிக்கரியை இருத்தினோம். ஊர் சுற்றி நின்றது. நாகம்மா அக்கா சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு பின்னால் நின்றார். நான் கடதாசியை மடியில் வைத்துக்கொண்டு கேட்டேன்.

“யாக்கோப்பு, உம்மை நாய் கடிச்சது எண்டைக்கு, எத்தினை மணிக்கு எண்டு சொல்லும்.”

அவர் என்னைப் பார்த்தார். நாகம்மா அக்காவைப் பார்த்தார்.

“நாயோ? என்னை ஒரு நாயும் கடிக்கேல்லை. வேலி பாயேக்கை முள்ளுக் கிழிச்சது.”

என் பேனை நின்றுவிட்டது. பதினொரு நாள் அந்த நாயின் எச்சிலையும் வாலையும் பார்த்துக்கொண்டிருந்த ஊர் முழுவதும், “ஓம் ஓம், முள்ளுத்தான்,” என்றது. நாயைச் சுடத் துவக்கைத் தூக்கிவந்த என் மைத்துனர் எந்த இடத்தில் அந்த முள் நின்றது என்றுகூடக் கையால் காட்டினார்.

அப்போதிக்கரி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்தார். யாக்கோப்பின் கெண்டைக்காலைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தார். மேலே இரண்டு, கீழே இரண்டு, நாலு தழும்பும் பார்த்தவுடனேயே தெரிந்தன.

“இது என்ன முள்ளு காணும், மேல்தாடையும் கீழ்த்தாடையும் வைச்சு?”

“நெடுந்தீவு முள்ளு ஐயா,” என்றார் யாக்கோப்பு. “இஞ்சை அப்பிடித்தான்.”

அப்போதிக்கரி நிமிர்ந்து என்னைப் பார்த்தார். நாய் கடித்தது என்று நான் என் கையால் எழுதி அனுப்பிய கடிதம் அவருடைய மடியில் கிடந்தது. அதன்மேல் ஒரு விரலை வைத்தார்.

“விதானை, உம்மட ஊரிலை உப்பிடி முள்ளு இருக்கோ?”

“ஓம் ஐயா,” என்றேன். “கனக்க இருக்கு.”